எட்டு பட்டனும் பதினாறு வரியும்: கேம் பாயில் இசை எழுத வந்த எல்எஸ்டிஜே

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுப் பெட்டியான கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளி. ஓர் எழுத்துக்கு 8-க்கு 8 புள்ளி என்று ஒதுக்கினால் குறுக்கே 20 எழுத்து, நெடுக்கே 18 வரி. அந்தப் பதினெட்டில் முதல் வரியைத் தலைப்புக்கும் அடுத்ததை ‘நோட், இன்ஸ்ட்ரூமென்ட், கமாண்ட்’ என்ற பத்திப் பெயர்களுக்கும் கொடுத்துவிட்டால் மிச்சம் சரியாக 16 வரி. நாலு தட்டு, தட்டுக்கு நாலு பங்கு. ஒரு சுற்று இசை, திரையை உருட்ட வேண்டிய அவசியமே இல்லாமல், முழுசாகக் கண்முன் நிற்கிறது.

லிட்டில் சவுண்ட் டிஜே என்ற மென்பொருளில் ‘ஃப்ரேஸ்’ எனப்படும் திரை இதுதான். எல்லோரும் எல்எஸ்டிஜே என்றே சொல்வார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி 2000-இல் இதை வெளியிட்டார். ரோல் மாடல் என்ற பெயரில் இசையும் போடுபவர். விளையாட்டுக் கம்பெனியின் அனுமதியோ அதன் கருவிகளோ இல்லாமல், ஆர்வத்தில் ஒருவர் தானே எழுதும் மென்பொருளை ஹோம்ப்ரூ என்பார்கள். எல்எஸ்டிஜே அந்த ஜாதி.

கேம் பாய் இசை என்றதும் பலருக்கும் சின்ன வயதில் கேட்ட ‘பீப் பீப்’ மீதான ஏக்கம்தான் ஞாபகம் வரும். ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒலி 1989 முதலே பெட்டிக்குள் இருந்தது. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 87 லட்சம் விற்றன. அத்தனை பைகளில் இருந்த ஒலி, கிட்டத்தட்ட முதல் பத்து வருடம் அநேகமாக யாருக்கும் வாத்தியமாகவில்லை. வந்து சேராதது ஒலி இல்லை, அதை எழுத ஒரு பலகை. எல்எஸ்டிஜேவை நான் பார்ப்பது அப்படித்தான்: ஒரு நல்ல எழுதுபலகை. அது ஏன் நிலைத்தது, எங்கே உடைகிறது என்பதே இந்த ஆய்வு.

பெட்டிக்குள் என்ன இருந்தது

நிண்டெண்டோவின் குன்பெய் யொகோய் தலைமையிலான குழு செய்த பெட்டி அது. 4.19 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு பிட் சிப்பு, 8 கிலோபைட் நினைவகம், நாலு பென்சில் பேட்டரி. ஒலிக்கு நாலு சேனல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்.

முதல் இரண்டும் பல்ஸ் சேனல்கள், அதாவது சதுர அலை. அலையில் எத்தனை பங்கு மேலே நிற்கிறது என்பதை 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நாலு விதமாக வைக்கலாம். 12.5 மூக்கால் பாடுவது போல இருக்கும். 50 கொஞ்சம் வயிறு உள்ள குரல். 25-ஐயும் 75-ஐயும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தலைகீழாகப் போட்ட அதே அலை. ஆக நாலு என்று சொன்னாலும் குரல் மூன்றுதான்.

மூன்றாவது வேவ் சேனல். இதில் அலையின் வடிவத்தை நாமே வரையலாம், ஆனால் 32 புள்ளிகளில், புள்ளிக்கு 16 உயரங்களில். மொத்தம் 16 பைட். நாலாவது இரைச்சல் சேனல்: ஸ்னேர், ஹை-ஹாட், காற்று, வெடி எல்லாம் இதிலிருந்துதான். இரைச்சலை உருவாக்கும் பதிவேட்டை 15 பிட்டிலிருந்து 7 பிட்டுக்குச் சுருக்கினால் இரைச்சல் போய்த் தகரம் தட்டும் ஒலி வரும்.

சுதிக் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பல்ஸ் சேனலுக்கு 0 முதல் 2047 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். 2048-லிருந்து அந்த எண்ணைக் கழித்து, வருவதால் 131072-ஐ வகுத்தால் கிடைப்பது அதிர்வெண். 1750 கொடுத்தால் 439.84 ஹெர்ட்ஸ். 440-க்கு மிகப் பக்கம், யார் காதும் குறை சொல்லாது. 0 கொடுத்தால் 64 ஹெர்ட்ஸ். பல்ஸ் சேனலில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. வேவ் சேனலிலோ இதில் பாதி, 32 ஹெர்ட்ஸ் வரை போகலாம். எனவே கேம் பாய் இசையில் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி ஒலி எப்போதும் வேவ் சேனலில் குடியிருப்பது யாருடைய ரசனையாலும் இல்லை, இந்த வகுத்தலால்.

மேலே போனால் வேறு சிக்கல். 2000 என்ற எண் 2730.7 ஹெர்ட்ஸ், அடுத்த எண்ணான 2001 ஏறக்குறைய 2788.8. நடுவில் எதுவும் கிடையாது. ஒரு அரை ஸ்வர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தாவலில் போய்விடுகிறது. உச்ச ஸ்தாயியில் மெட்டு போட்டால் லேசாகச் சுதி விலகி, கண்ணாடிச் சில்லு போலக் கேட்பது இதனால்தான். சிலர் அதற்காகவே அங்கே எழுதுகிறார்கள்.

பூட்டும் சாவியும்

கேம் பாயை ஆன் செய்தால் மேலிருந்து நிண்டெண்டோ லோகோ மெதுவாக இறங்கி வந்து ‘டிங்’ என்று நிற்குமே, அது வெறும் அலங்காரம் இல்லை. அந்த லோகோப் படம் பெட்டியில் சொருகும் ஒவ்வொரு விளையாட்டுக் கார்ட்ரிட்ஜிலும் 48 பைட்டாக இருக்கிறது. பெட்டிக்குள் உள்ள 256 பைட் தொடக்க நிரல் அதைத் திரையில் காட்டிவிட்டு, தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் பெட்டி அங்கேயே உறைந்து நிற்கும். கணக்கு எளிது. அனுமதி இல்லாமல் கார்ட்ரிட்ஜ் செய்கிறவர் அந்த லோகோவை வைத்தே ஆக வேண்டும். வைத்தால் எங்கள் வணிகச் சின்னத்தைத் திருடினாய் என்று வழக்குப் போடலாம். இதே போன்ற ஒரு பூட்டை சேகா என்ற போட்டிக் கம்பெனி தன் வீட்டுக் கன்சோலில் வைத்து, அக்கோலேட் என்ற நிறுவனத்தோடு அமெரிக்க நீதிமன்றத்தில் மோதி, 1992-இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஓட வைப்பதற்கு லோகோ தேவையென்றால் அந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு பூட்டுப் போட்டவர்தான் என்கிற மாதிரி தீர்ப்பு. இன்றைக்கும் கேம் பாய் ஹோம்ப்ரூ எதைத் திறந்தாலும் அந்த 48 பைட் உள்ளே இருக்கும்.

பூட்டைவிடப் பெரிய தடை அறியாமை. எந்த முகவரியில் எதை எழுதினால் எந்த ஒலி வரும் என்பது உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். 1995-இல் பான் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், பெட்டியைத் துருவித் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரு கோப்பாக எழுதத் தொடங்கினார். பான் டாக்ஸ் என்று பெயர். பலர் கை சேர்த்து வளர்த்த அந்த ஆவணம் இன்னமும் திருத்தப்பட்டு வருகிறது. அதே காலத்தில் கணினியிலேயே கேம் பாய் நிரலை ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டர்கள் வந்தன. பிரின்டர் போர்ட் வழியாக நிரலை ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்களும் வந்தன. 1990-களின் கடைசியில் சாவிக்கொத்து முழுசாகச் சேர்ந்துவிட்டது.

ஹாம்பர்க்கில் பதினாறு புள்ளி

எல்எஸ்டிஜே முதல் ஆள் இல்லை. 1998-இல் நிண்டெண்டோவே கேம் பாய் கேமராவுக்குள் ஒரு சின்ன இசைப் பொம்மையை வைத்திருந்தது. அதே வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த ஆலிவர் விட்ச்சோவ் செய்தது நானோலூப்.

ஓவியர் கை பட்டது என்று பார்த்தவுடன் தெரியும். திரையில் எழுத்தே அநேகமாக இல்லை. நாலுக்கு நாலாக 16 கட்டம், அதில் ஒரு வெளிச்சம் சுற்றிவரும். ஒரு கட்டத்தில் நின்று பட்டனை அழுத்தினால் ஒலி முளைக்கும். பாட்டு எழுதுவதைவிடக் கோலம் போடுவதற்குப் பக்கம். ஐந்து நிமிடத்தில் யாருக்கும் பிடிபடும், ஒரு மணி நேரம் விடாது. பிற்பாடு கேம் பாய் அட்வான்ஸுக்கும் மொபைலுக்கும் வந்து, இன்றும் இருக்கிறது.

ஆனால் பல்லவி, சரணம், நடுவில் ஒரு இடையிசை, கடைசியில் சுருதி ஏற்றி ஒரு முறை என்று மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்று மனதில் இருந்தால் நானோலூப் பொறுமையைச் சோதிக்கும். அது சுற்றுவதற்குப் பிறந்தது.

எழுதுபலகை

கோட்லின்ஸ்கி பிடித்த மரபு வேறு: ட்ராக்கர். 1987-இல் அமிகா கணினிக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய மென்பொருளில் தொடங்கிய வகை. இசை மேலிருந்து கீழே வரிவரியாக ஓடும். சேனலுக்கு ஒரு பத்தி. ஸ்வரம், வாத்திய எண், ஏதாவது ஒரு கட்டளை என்று எல்லாம் எழுத்தும் எண்ணும். அமிகாவிலும் நாலு சேனல்தான். ஆகவே எண்ணம் அப்படியே பொருந்தும்.

கருவிதான் பொருந்தாது. அமிகாவில் முழு கீபோர்டு இருந்தது. அதன் இரண்டு வரிசைகளைப் பியானோவாக வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நாலு சேனலும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். கேம் பாயில் இருப்பது எட்டே பட்டன்: நாலு திசை, ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட். திரையில் குறுக்கே இருபதே எழுத்து.

கோட்லின்ஸ்கி நாலு சேனலையும் ஒன்றாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டார். பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார். கீழே ஃப்ரேஸ்: ஒரு சேனலின் 16 வரி. நடுவே செயின்: ஃப்ரேஸ்களை வரிசையாகக் கோத்த சரம், அதிகபட்சம் 16. மேலே சாங்: நாலு சேனலுக்கு நாலு பத்தி, அதில் செயின்களின் எண்கள். செலக்டை அழுத்திக்கொண்டு வலப்பக்கம் நகர்ந்தால் சாங்கிலிருந்து செயினுக்கும், செயினிலிருந்து ஃப்ரேஸுக்கும், அங்கிருந்து வாத்தியத்துக்கும் உள்ளே உள்ளே போகலாம். இடப்பக்கம் நகர்ந்தால் வெளியே வரலாம். வீட்டுக்குள் அறை அறையாகப் போவது மாதிரி. இரண்டு நாளில் திரையைப் பார்க்காமலே கட்டைவிரல் போய்விடும்.

மற்றதெல்லாம் ஏ பட்டனும் திசைகளும். ஏ அழுத்தினால் ஒரு ஸ்வரம் விழும். ஏ-யை விடாமல் இடம் வலம் அசைத்தால் அரை ஸ்வரம் கூடும் குறையும். மேல் கீழ் அசைத்தால் ஒரு ஸ்தாயி. காலி இடத்தில் ஏ-யை இரண்டு முறை தட்டினால் இதுவரை பயன்படுத்தாத புது எண் ஒன்று வந்து உட்காரும். எட்டு பட்டனுக்கு இவ்வளவு வேலை கொடுத்தும் விரல் தடுமாறவில்லை என்பதுதான் எனக்கு இந்த மென்பொருளின் பெரிய ஆச்சரியம். சிப்பைப் பேச வைத்தவர்கள் எத்தனையோ பேர். விரலுக்கு வழி செய்தவர்கள் குறைவு.

எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும்: 0 முதல் 9, பிறகு ஏ, பி, சி, டி, இ, எஃப். புதிதாக வருகிறவர்களை விரட்டுவது இதுதான். ஆனால் இரண்டே எழுத்தில் 256 மதிப்பு அடங்கிவிடுகிறது. இருபது எழுத்துத் திரையில் மூன்றாவது எழுத்துக்கு இடம் ஏது? 16 வரிக்கு 0 முதல் எஃப் வரை ஒற்றை எழுத்தில் பெயரும் கிடைத்துவிடுகிறது.

இந்த மூன்றடுக்கு வெறும் வசதிக்காக என்று நான் முதலில் நினைத்திருந்தேன். ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 128 தட்டு வேகத்தில் நாலு நிமிடப் பாட்டு என்றால் 512 தட்டு, 2048 வரி. ஃப்ரேஸுக்கு 16 வரி என்றால் ஒரு சேனலுக்கு 128 ஃப்ரேஸ், நாலு சேனலுக்கு 512. எல்எஸ்டிஜேயில் மொத்தம் இருப்பதோ 255. ஒரு ஃப்ரேஸ் வரிக்கு 4 பைட், ஆக ஃப்ரேஸுக்கு 64 பைட். 255 ஃப்ரேஸும் சேர்ந்து 16,320 பைட். திறந்திருக்கும் பாட்டுக்கு மொத்தமே 32 கிலோபைட்தான், அதில் பாதி இங்கேயே போய்விட்டது. எழுதியதையே திரும்பத் திரும்ப அழைக்காமல் ஒரு பாட்டை முடிக்கவே முடியாது. பல்லவி என்ற ஒன்று இருப்பதால்தான் இதில் பாட்டு அடங்குகிறது.

செயினில் ஃப்ரேஸ் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு: எத்தனை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும் என்று. ஒரே பேஸ் ஃப்ரேஸை எழுதி, செயினில் 00, 00, 05, 07 என்று போட்டால் நாலு விதமாக நகரும். இறக்க வேண்டுமானால் சுற்றி வர வேண்டும். எஃப்பி என்பது 251, அதாவது 256-க்கு ஐந்து குறைவு, ஆக மைனஸ் 5. முதல் வாரம் தலை சுற்றும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஐந்தாவது ஃப்ரேஸ் பாட்டில் பதினோரு இடத்தில் வருகிறது என்றால் எல்லா இடத்திலும் இருப்பது ஒரே ஃப்ரேஸ்தான், பதினோரு பிரதி இல்லை. கடைசிச் சரணத்துக்காக அதில் ஒரு ஸ்வரத்தை மாற்றினால் பத்து நிமிடம் கழித்துப் பாட்டின் தொடக்கமும் மாறியிருப்பது தெரியும். செலக்டை அழுத்தியபடி பி, ஏ என்று தட்டினால் பிரதி எடுக்கலாம். அதிலும் இரண்டு வகை: செயினோடு உள்ளே உள்ள ஃப்ரேஸ்களையும் பிரதி எடுப்பது ஒன்று, செயினை மட்டும் புதிதாக்கிப் பழைய ஃப்ரேஸ்களையே சுட்டுவது மற்றொன்று. எல்எஸ்டிஜே பழகுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒரு முறையாவது விழுந்திருப்பார்கள்.

ஒரு சேனலில் ஒரு ஸ்வரம் என்றால், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு எப்படி? சி 47 என்று ஒரு கட்டளை. அடிப்படை ஸ்வரம், நாலு அரை ஸ்வரம் மேலே, ஏழு அரை ஸ்வரம் மேலே என்று மூன்றையும் கண்மூடித்திறக்கும் வேகத்தில் சுழற்றும். மேஜர் கார்டு மாதிரிக் கேட்கும். 47-க்குப் பதில் 37 போட்டால் மைனர். கேம் இசையின் அந்தக் கிலுகிலுப்பை இதிலிருந்து வருவதுதான்.

வேவ் சேனலுக்கு அவர் செய்தது இன்னும் சுவாரசியம். ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டர் என்ற சமாச்சாரம் சிப்பிலேயே கிடையாது. எல்எஸ்டிஜே, ஃபில்டர் மெல்லத் திறந்தால் அலை எப்படி எப்படி மாறுமோ அந்த 16 வடிவங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அந்த 16 பைட்டில் ஊற்றும். காதுக்கு அனலாக் சிந்தசைசர் வாய் திறப்பது போல இருக்கும். உற்றுக் கேட்டால் மாறும் இடங்களில் சன்னமான ‘டிக்’. பழைய கேம் பாயில் சேனலை நிறுத்தாமல் அலையை ஒழுங்காக மாற்ற முடியாது. பேஸும் இங்கே, நல்ல கனமான கிக் டிரம்மும் இங்கே என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க முடியாது. கிக் விழும் வரியில் பேஸ் வாய் மூடும். அந்த இடைவெளிதான் கேம் பாய் நடன இசைக்கு மூச்சு வாங்கும் நடையைக் கொடுத்தது.

மிஸ்ர சாபு போட்ட கதை

16 வரி என்பது ஆதி தாளக்காரர்களுக்குத் தொல்லையில்லை. எனக்கு ஒரு நாள் ஏழு அட்சரம் தேவைப்பட்டது. ஹெச் என்ற கட்டளை இருக்கிறது, ‘அடுத்த ஃப்ரேஸுக்குத் தாவு’ என்று பொருள். அட்சரத்துக்கு இரண்டு வரி வைத்தால் 14 வரி. பதினைந்தாவது வரியான இ-யில் ஹெச் 00 போட்டால் அதற்குமேல் போகாமல் தாவிவிடும். தகிட தகதிமி. இரைச்சல் சேனலில் 0, 6, ஏ வரிகளில் தட்டு: மூன்று, இரண்டு, இரண்டு.

போட்டேன், ஓடியது. பேஸிலும் போட்டேன். மெட்டு வைத்த பல்ஸ் சேனலில் ஹெச் போட மறந்துவிட்டேன். எல்எஸ்டிஜேயில் ஒவ்வொரு சேனலும் தன் பாட்டுக்கு ஓடும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காது. மெட்டு 16-இலும் தாளம் 14-இலும் நடக்க ஆரம்பித்தன. கச்சேரியில் மிருதங்கக்காரர் ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம் போவது போல விலகி விலகிப் போய், 112 வரி கழித்து ‘டக்’ என்று சமத்தில் சேர்ந்தன. எட்டு பதினாலு, ஏழு பதினாறு. அந்தத் தப்பைத் திருத்தவில்லை, பாட்டில் அப்படியே இருக்கிறது.

கமகத்தில் மட்டும் தோற்றேன். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கட்டளை உண்டு, அசைவுக்கு ஒரு கட்டளை உண்டு, டேபிள் என்ற திரையில் டிக் வாரியாக, அதாவது வரிக்குள் வரும் மிகச் சின்ன நேரத் துண்டு வாரியாக, ஏற்ற இறக்கம் எழுதவும் வழி உண்டு. மூன்றையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. தோடியின் காந்தாரம் படிக்கட்டில் உருண்டு விழுந்த பாத்திரம் போலக் கேட்டது.

எங்கே உடைகிறது

கார்ட்ரிட்ஜில் சேமிக்க 128 கிலோபைட். திறந்திருக்கும் பாட்டுக்கு 32 போக, மிச்சத்தில் சுருக்கிக் கட்டிய நிலையில் 32 பாட்டு வரை வைக்கலாம், பெயர் எட்டு எழுத்துக்குள். இந்த நினைவகத்துக்கு மின்சாரம் எப்போதும் வேண்டும். அதைக் கொடுப்பது உள்ளே ஒரு பட்டன் செல். செல் தீர்ந்தால் பாட்டெல்லாம் போச்சு, எந்த எச்சரிக்கையும் வராது.

நான் முதலில் வாங்கிய ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று சொல்ல வேண்டாம். சில மாதம் அலமாரியில் கிடந்ததை எடுத்துப் போட்டேன். பாட்டுப் பட்டியல் காலி. ஒன்பது பாட்டு, அதில் இரண்டு முடிந்தவை. திருகைக் கழற்றி அளந்தால் மூன்று வோல்ட் காட்ட வேண்டிய செல் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், தகட்டுக் கால் வைத்த 2032 செல் கேட்டேன். சாதாரண செல்லில் நேரடியாகச் சூட்டுக்கோலை வைத்துப் பற்றவைப்பது ஆபத்து, வெடிக்கலாம். கால் வைத்தது என்றால் காலில் மட்டும் பற்றவைத்தால் போதும். கடைக்காரர் நாலைந்து டப்பாவைக் கிளறிக்கொண்டே, “எதுக்கு சார் இது?” என்றார்.

“கேம் கேசட்டுக்குண்ணே.”

“கேசட்டா? அதெல்லாம் இன்னுமா இருக்கு?”

இரண்டாகக் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். இப்போது யூஎஸ்பியில் சொருகும் ரீடர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழுந்த பிறகும் அந்த 128 கிலோபைட்டைக் கணினியில் ஒரு கோப்பாக இறக்கிவிடுவேன். பென்சில் பேட்டரியும் கவனிக்க வேண்டியதே. சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கியபின் சேமிக்கக் கை போகக் கூடாது. பாதி எழுதும்போது பெட்டி அணைந்தால் உள்ளே இருப்பது குப்பையாகிவிடும்.

இரண்டாவது பலவீனம் ஹெட்ஃபோன் துளை. 1989 மாடலின் பேஸ் அருமை, ஆனால் கூடவே ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ வரும். குற்றம் சிப்பில் இல்லை, அதற்குப் பிறகு வரும் சின்ன ஆம்ப்ளிஃபையரில். ப்ரோசவுண்ட் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது: வால்யூம் சக்கரத்தின் கால்களில், ஒலி ஆம்ப்ளிஃபையருக்குப் போவதற்கு முன்பே, இடது வலது தரை என்று மூன்று ஒயர் பற்றவைத்து வெளியே தனியாக ஒரு ஜாக்கில் எடுப்பது. அந்த ஆம்ப்ளிஃபையரைத் தாண்டிவிட்டதால் இரைச்சல் குறையும், பேஸ் முழுசாக வரும். சக்கரத்தைச் சுற்றினால் அந்த ஜாக்கில் ஒன்றும் மாறாது. மிக்ஸரில்தான் குறைக்க வேண்டும். இதை மறந்து ஹெட்ஃபோனை அதில் மாட்டினால் காது போகும்.

மேடை

நியூயார்க்கில் நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர் போன்ற இசைக்காரர்கள் இரண்டு கேம் பாயோடு மேடை ஏறினார்கள். நல்ஸ்லீப் 1999-இல் கூட்டாகத் தொடங்கிய 8பிட்பீப்பிள்ஸ் என்ற குழு இசையை இலவசமாக வெளியிட்டது. 2006 முதல் 2012 வரை இந்த இசைக்கென்றே பிளிப் ஃபெஸ்டிவல் நடந்தது. வட அயர்லாந்தின் சிப்ஸெல் கேம் பாயில் எல்எஸ்டிஜே பழகி, 2012-இல் வந்த சூப்பர் ஹெக்ஸகன் என்ற விளையாட்டுக்குத் தன் இசையைக் கொடுத்தார். விளையாட்டிலிருந்து தப்பித்து வந்த ஒலி மறுபடி விளையாட்டுக்குள் போய் உட்கார்ந்தது.

மேடைக்கு என்றே எல்எஸ்டிஜேயில் லைவ் என்று ஒரு முறை உண்டு. சாங் திரையில் செயின்களை அட்டவணையாக அடுக்கி வைத்துக்கொண்டு, எந்தச் சேனலில் எது எப்போது தொடங்க வேண்டும் என்று கையால் ஏவலாம். ஓடிக்கொண்டிருப்பது முடிந்ததும் அடுத்தது சரியாகச் சேரும். இரண்டு பெட்டியை லிங்க் கேபிளால் இணைத்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, எட்டுக் குரல். ட்ராஷ்80 என்ற டிமொத்தி லாம், ஆர்டுயினோ போர்டை வைத்து ஆர்டுயினோபாய் என்ற இடைக்கருவியைச் செய்தார். அதன் பின் கேம் பாய் மற்ற சிந்தசைசர்களோடு மிடியில், அதாவது மின்னணு வாத்தியங்களின் பொது மொழியில், பேச ஆரம்பித்தது. எல்எஸ்டிஜே ஒரு தட்டை 24 டிக்காகப் பிரிக்கிறது, மிடி கடிகாரமும் தட்டுக்கு 24. வரிக்கு 6 டிக் என்ற வழக்கத்தை 8, 4 என்று மாற்றினால் வேகம் மாறாமல் நடை மட்டும் தள்ளாடும். இதற்கு க்ரூவ் திரை என்று தனியாக ஒன்று.

அதே லாம் பிற்பாடு டர்ட்டிவேவ் எம்8 என்று ஒரு கையடக்க இசைக்கருவியைச் செய்தார். சிப்பு இந்தக் காலத்தது. டிராக் எட்டு, மெமரி கார்டு, சாம்பிள், எஃப்எம் சிந்தசிஸ் எல்லாம் உண்டு. 8 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாது, செல் தீர்ந்துவிடும் என்ற எந்த நெருக்கடியும் அதற்கில்லை. முகப்பில் பட்டன் எட்டு. உள்ளே சாங், செயின், ஃப்ரேஸ், இன்ஸ்ட்ரூமென்ட், டேபிள். முதல் மாடலின் திரை 320-க்கு 240 புள்ளி, வண்ணத் திரை. ஃப்ரேஸில் வரி 16.